அண்ணாந்து பார்க்காதீங்க, அடியைப் பாருங்க! புதுக்கோட்டை தென்னந்தோப்புகளில் ஒரு பயணம்

புதுக்கோட்டையிலிருந்து கிழக்கே ஆலங்குடி சாலையில் போனால், முதலில் கண்ணில் படுவது முந்திரிக்காடும் தைலமரக்காடும் சரளை மேடும்தான். ‘வறண்ட மாவட்டம்னு சும்மாவா சொல்றாங்க’ என்று தோன்றும். திருவரங்குளம், வம்பன், ஆலங்குடி என்று கடந்து வடகாடு பக்கம் திரும்பியதும் எல்லாம் மாறிவிடுகிறது. செம்மண் பூமியில் பலா, வாழை, மல்லிகை, சம்பங்கி, கடலை. அத்தனைக்கும் மேலே தலையாட்டிக்கொண்டு நிற்கிறது தென்னை. பக்கத்தில் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் குடும்பத்தாரின் உழைப்பையும் வைத்தே இந்த மக்கள் இந்தப் பசுமையை உண்டாக்கியிருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்திலிருந்து நம் கேள்வி-பதில் பகுதிக்குத் தொடர்ந்து ஒரே மாதிரியான கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ‘அடிமட்டை எல்லாம் தொங்குது. குரும்பை கொட்டுது. தண்ணி விட்டும் மரம் தேறலை. என்ன மருந்து அடிக்கலாம்?’ கூடவே படமும் அனுப்பியிருந்தார்கள். எல்லாப் படத்திலும் மரத்தின் தலைதான் இருந்தது, அடிப்பகுதி ஒன்றில்கூட இல்லை. நேரிலேயே பார்த்துவிடலாம் என்று மாசி மாதக் கடைசியில் கிளம்பினோம். பலாவில் பிஞ்சு பிடித்திருந்தது. குளமங்கலம் அய்யனார் கோயிலின் பெரிய குதிரைக்கு மாசிமகத்தன்று போட்ட காகித மாலைகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. நாம் தேடிப்போன நோய்க்கும் இந்த வெயிலுக்கும் சம்பந்தம் உண்டு.

வடகாடு: புயல் விட்டுப்போன கட்டைகள்

2018 நவம்பர் 16. இந்தத் தேதியை இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், விடிவதற்குள் இந்தத் தோப்புகளைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. அப்பா நட்ட பலா, தாத்தா நட்ட மா, பிள்ளை படிப்புக்கென்று நம்பியிருந்த தென்னை எல்லாம் ஒரே இரவில் போயின.

“ரெண்டு விதமா விழுந்துச்சு தம்பி” என்றார் வடகாடு அருகே ஒரு பெரியவர். “சிலது வேரோட சாஞ்சுச்சு. சிலது பாதியில முறிஞ்சுச்சு. சாஞ்சதை ஜேசிபி வச்சுப் பொறட்டி எடுத்தாச்சு. முறிஞ்சதை அறுத்து வித்துட்டோம். அடிக்கட்டை மண்ணுக்குள்ளயே கெடக்குது. அன்னிக்கு ஊரே அழுதுக்கிட்டிருந்துச்சு. கட்டையைத் தோண்ட யாருக்குத் தெம்பு இருந்துச்சு? காசுதான் இருந்துச்சா?”

அவர் சொல்வது நியாயம்தான். விழுந்த மரத்தை அப்புறப்படுத்தி, கடன் வாங்கி, 2019-ல் புதுப்பிள்ளை நட்டவர்களே அதிகம். அந்தப் பிள்ளைகள் இப்போது பாளை விட்டுக் காய்ப்புக்கு வந்துவிட்டன. ஆனால், வரிசைக்கு நடுவே நடந்து பார்த்தால் தரையோடு தரையாக அறுத்துவிட்ட பழைய கட்டைகள் அங்கங்கே தட்டுப்படுகின்றன. இரண்டு கட்டைகளின் ஓரத்தில், மேலே பளபளவென்று அரக்கு நிறமும் ஓரத்தில் வெள்ளை விளிம்புமாக, விசிறி போல் ஒரு காளான் முளைத்திருந்தது. பெரியவரின் பேரன் அதைக் காலால் எத்தப் போனான். கையில் பிடுங்கி ஒரு பையில் போட்டுக் கட்டச் சொன்னோம். அந்தக் காளான் ஒவ்வொன்றும் காற்றில் வித்து விடுகிற நாற்றங்கால்.

‘தஞ்சாவூர் வாடல்’ என்ற பெயர் வந்த கதை

இந்தக் காளானின் பெயர் கானோடெர்மா. அது தென்னையில் உண்டாக்கும் நோய்க்கு ‘அடித்தண்டழுகல்’ என்று பெயர். நம் பக்கத்தில் பழக்கத்தில் உள்ள பெயர் ‘தஞ்சாவூர் வாடல்’. ஆந்திரா, கர்நாடகா, கேரளா என்று பல மாநிலங்களில் இந்த நோய் உண்டு. இருந்தாலும் இந்தப் பெயர் நிலைத்ததற்குக் காரணம், தமிழ்நாட்டில் இது முதலில் கண்டறியப்பட்டது தஞ்சாவூர் மாவட்டத்தில் என்பதுதான். கடும் புயல் அடித்த 1952-ஆம் ஆண்டையொட்டி அது பதிவானது.

புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரியில்தான். அறந்தாங்கிப் பக்கமெல்லாம் அதற்கு முன்பு தஞ்சாவூர் மாவட்டம். ஆகவே, பெயரில் தஞ்சாவூர் இருந்தாலும் இது நமக்கு அந்நியமான நோய் அல்ல.

புயலையும் நோயையும் சேர்த்துச் சொல்வது எதற்காக? கானோடெர்மா செத்த மரத்திலும் வாழும், உயிருள்ள மரத்திலும் வாழும். செத்த கட்டையிலும் வேரிலும் பல ஆண்டுகள் உயிரோடு தங்கியிருந்து, பக்கத்து மரத்தின் வேர் வந்து தொட்டதும் அதில் ஏறிக்கொள்ளும். பாய்ச்சுகிற தண்ணீர், உழுகிற கலப்பை, மண் எல்லாம் அதற்கு வாகனம். புயலடித்த தோப்பு என்றால் அடிபட்ட வேரும் அழுகுகிற கட்டையும் ஒரே இடத்தில் கிடக்கும். நோய்க்கு அது விருந்து வைத்த மாதிரி.

கீரமங்கலம்: அடியில் என்ன பார்க்க வேண்டும்?

கீரமங்கலம் பூச்சந்தையில் ஏலம் முடிந்து கூட்டம் கலைகிற நேரம். பூ விற்றுவிட்டுத் திரும்பிய ஓர் அக்கா, தன் தோப்பைப் பார்க்கச் சொல்லி அழைத்துப்போனார். 42 மரங்கள். கணவர் இல்லை. மரமும் மல்லிகையும்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகின்றன. மூன்று மரங்களில் அடிமட்டைகள் மஞ்சளாகி, மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியது போல் தொங்கின.

“வெள்ளை ஈயா இருக்கும்னு சொன்னாங்க தம்பி. மருந்தும் அடிச்சாச்சு. தண்ணி பத்தலைன்னாங்க. தண்ணியும் ராத்திரி பகலா விட்டாச்சு.”

மரத்தின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டதும் விஷயம் வெளியே வந்தது. முதல் மரத்தில் தரைக்குச் சற்று மேலே, பட்டை வெடித்த இடத்திலிருந்து செம்பழுப்பு நிறத்தில் சாறு வழிந்து காய்ந்திருந்தது. ஒரு சாண் உயரம்தான். இரண்டாவது மரத்தில் அந்தக் கறை இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது. மூன்றாவதில் நெஞ்சு உயரம். தட்டினால் பொத்தென்று சத்தம். அடியில் ஒரு காளான். தலையில் மட்டும் இன்னும் ஒரு குலை காய்.

இதுதான் இந்த நோயின் வரிசை. முதலில் வேர் அழுகுகிறது. அதற்குப் பிறகு அடித்தண்டில் சாறு வடிகிறது, அது மேலே ஏறுகிறது. வேர் போனதால் தண்ணீர் ஏறாமல் அடிமட்டைகள் தொங்குகின்றன. குரும்பை உதிர்கிறது, குருத்து சிறுக்கிறது. கடைசியில் காளான் முளைக்கிறது. சில மரங்கள் ஆறு மாதத்திலும், சில மரங்கள் நாலைந்து ஆண்டு இழுத்தும் சாகும். தலையில் வாட்டம் தெரிவதற்கு வெகு முன்பே அடியில் நோய் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் சொல்கிறோம், மாதம் ஒருமுறையாவது ஒவ்வொரு மரத்தின் அடியையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நமக்குப் படம் அனுப்பினாலும் தலையோடு அடியையும் சேர்த்து அனுப்புங்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். ‘சாறு வடிதல்’ என்று தென்னைக்கு வேறொரு நோயும் உண்டு. அதுவும் பூஞ்சணம்தான், ஆனால் வேறு வகை. அதில் தண்டின் எந்த உயரத்திலும் நீளவாக்கில் வெடிப்பு விழுந்து சாறு வழியலாம், வேர் அழுகல் இருக்காது. அந்த இடத்தை உளியால் நல்ல பகுதி தெரியும்வரை செதுக்கி, போர்டோ பசை தடவினால் பெரும்பாலும் மரம் பிழைத்துவிடும். சாறு தரையை ஒட்டித் தொடங்கி மேலே ஏறினால், அடித்தண்டழுகல் என்று சந்தேகப்படுங்கள்.

அக்காவிடம் மூன்றாவது மரத்தை வெட்டித் தூரோடு தோண்டிவிடச் சொன்னோம். இரண்டாவதையும் வெட்டுவது நல்லது என்றோம். அவர் முகம் வாடிவிட்டது.

“காய்க்கிற மரத்தை எப்படித் தம்பி வெட்டுறது? அவரு கையால நட்டது. குலை தள்ளியிருக்கு பாருங்க.”

கொஞ்ச நேரம் நாங்களும் பேசவில்லை. பிறகு வாய்க்காலைக் காட்டினோம். அந்த மூன்று மரங்களைத் தொட்டு ஓடும் தண்ணீர், அடுத்த வரிசைக்குப் போகிறது. அதைத் தாண்டிக் கொழுந்தனார் தோப்புக்குப் போகிறது. அங்கே எல்லாம் கஜாவுக்குப் பிறகு நட்ட இளம்பிள்ளைகள். அக்கா அந்தப் பக்கம் பார்த்தார்.

“சரி. இந்தக் குலையை இறக்கிட்டு ரெண்டையும் வெட்டிடுறேன். அதுவரைக்கும் இந்த வாய்க்காலை அடைச்சுடுறேன். கொழுந்தன்கிட்டயும் நானே சொல்லிடுறேன். நாளைக்கு அவுக பிள்ளைக்கு வந்துட்டா பேச்சு எம்மேலதானே வரும்” என்றார்.

காய்க்கிற மரத்தை வெட்ட மனசு வராது என்பது உண்மைதான். ஒரு குலைக்காக நிறுத்திவைக்கும் மரம், ஒரு வரிசையையே கொண்டுபோய்விடும் என்பதும் உண்மை.

திராட்சைக் கொடியிலும் இதே பாடம்

நோயுற்ற மரத்தைச் சுற்றி ஊற்றச் சொல்லும் போர்டோ கலவை எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரான்சில் திராட்சைக்குப் பேர்போன போர்டோ பகுதியிலிருந்து. 1880-களில் அங்கே திராட்சை இலையை அழித்த அடிச்சாம்பல் நோய்க்காக, மில்லார்டே என்ற விஞ்ஞானி மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்து உருவாக்கியதுதான் அது.

இலை நோயை அப்படி அடக்கிய அதே நாடு, திராட்சையின் தண்டு நோயில் இன்றைக்கும் திணறுகிறது. கவாத்து செய்த காயம் வழியாகப் பூஞ்சணங்கள் கொடியின் கட்டைக்குள் புகுந்து, பல ஆண்டுகள் சத்தமில்லாமல் மக்கவைத்து, ஒரு கோடையில் கொடியைத் திடீரென்று கருகவைக்கும். ‘எஸ்கா’ என்று அதற்குப் பெயர். சோடியம் ஆர்சனைட் என்ற கொடிய நஞ்சைத்தான் அதற்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். மனிதனுக்கே ஆபத்து என்று 2001-ல் பிரான்ஸ் அதைத் தடை செய்தது. இப்போது அவர்கள் நம்பியிருப்பது பழைய வழியைத்தான். ஈரமில்லாத நாளில் கவாத்து, வெட்டிய காயத்துக்குப் பூச்சு, நல்ல கட்டை தெரியும்வரை வெட்டி எறிந்து அடியிலிருந்து புதுக்கிளை எடுப்பது, செத்த கொடியை அகற்றி எரிப்பது.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வைத்திருக்கும் நம் வாசகர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். புதுக்கோட்டைக்காரர்களுக்கும் பயன்படும். கஜாவில் கிளை முறிந்து, பிசிறு பிசிறாக நிற்கும் பலாவும் மாவும் இன்னும் இங்கே இருக்கின்றன. அந்த முறிந்த இடத்தைச் சீராக அறுத்து, 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர் என்ற அளவில் செய்த போர்டோ பசையைத் தடவிவிடுங்கள். கொடியானாலும் மரமானாலும் நோய் கட்டைக்குள் புகுந்த பிறகு, மேலே அடிக்கும் மருந்து அதை எட்டாது. புகுமுன் காப்பதும், செத்ததை அகற்றுவதும்தான் வைத்தியம்.

மணமேல்குடி: மணலும் தாகமும்

கீரமங்கலத்திலிருந்து அறந்தாங்கி வழியாகக் கடற்கரைக்கு இறங்கினோம். மணமேல்குடி, கட்டுமாவடிப் பக்கம் செம்மண் மறைந்து மணல் வந்துவிடுகிறது. அடித்தண்டழுகலுக்கு மணற்பாங்கான நிலமும் தண்ணீர்த் தட்டுப்பாடும் மிகவும் பிடிக்கும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வெயில் காலத்தில் வேகமாகப் பரவும்.

இங்கே ஒரு தோப்பில், பட்டுப்போன தென்னையை அறுத்து வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகப் போட்டிருந்தார்கள். காசு மிச்சம்தான். ஆனால், நோயில் செத்த மரம் என்றால் தண்ணீர்ப் பாதையிலேயே அதை வைத்துவிட்டோம் என்று அர்த்தம். அழுகும் கட்டையில் காண்டாமிருக வண்டும் முட்டையிட்டுப் பெருகும். ஒரே கட்டையால் இரண்டு தொல்லை.

அடுத்த தோப்புக்காரர் அண்ணன் ஒருவர் வேறு மாதிரி செய்திருந்தார். மரத்துக்கு மரம் தனித்தனி வட்டப்பாத்தி, சொட்டுநீர், பாத்தியில் மட்டை மூடாக்கு. “மொதல்ல தோப்பு முழுக்க ஒரே வாய்க்காலாத்தான் பாய்ச்சுனேன். ஓரத்துல ஒரு மரம் போச்சு. அடுத்த வருஷம் தண்ணி போற பக்கமாவே ரெண்டு போச்சு. தண்ணிதான் தூக்கிட்டுப் போகுதுன்னு புரிஞ்சுக்கிட்டு மாத்திட்டேன்” என்றார். எந்த மரம், எப்போது, எந்தத் திசையில் என்று கவனித்தவர் அவர். நம் ஒவ்வொருவருக்கும் இந்தக் கவனம் வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

1. செத்த மரத்தையும், நோய் முற்றிய மரத்தையும் தூரோடும் வேரோடும் தோண்டி, காயவைத்து எரித்துவிடுங்கள். கஜாவில் அறுத்துவிட்ட கட்டைகளுக்கும் இதேதான். ஜேசிபி வாடகை ஒருவருக்குக் கட்டாது என்றால், பக்கத்துத் தோப்புக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம்.

2. நோய் கண்ட மரத்தைத் தனிமைப்படுத்துங்கள். மரத்திலிருந்து 5 அடி தள்ளி, சுற்றிலும் 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் குழி எடுங்கள். அந்த மரத்தைத் தொட்ட தண்ணீர் வேறு மரத்துக்குப் போகக் கூடாது.

3. நோய் உள்ள தோப்பில் உழவு வேண்டாம். வேர் காயப்படும், மண்ணும் நகரும்.

4. வெயில் காலத்தில் தண்ணீர் குறையவிடாதீர்கள். தண்ணீர் வசதி இருந்தால் வாழையை ஊடுபயிராகப் போடலாம்.

5. மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு. தொழுவுரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராம், சூடோமோனாஸ் 200 கிராம் கலந்து வையுங்கள். நோய் இல்லாத மரங்களுக்கும் இது காப்பு.

6. ஆரம்ப நிலையில் உள்ள மரத்துக்கு 1 சதவிகித போர்டோ கலவை 40 லிட்டரை, மரத்தைச் சுற்றி 6 அடி வரை மண் நனையும்படி ஊற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாக மூன்று தடவை ஊற்ற வேண்டும். 400 கிராம் மயில்துத்தத்தை 20 லிட்டரிலும், 400 கிராம் சுட்ட சுண்ணாம்பை 20 லிட்டரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கினால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள்.

7. போர்டோ கலவையையும் உயிர் மருந்துகளையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். செம்பு அவற்றைக் கொன்றுவிடும். ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும்.

8. வேர் வழியாக மருந்து கொடுப்பதானால், ஹெக்சகோனசோல் 2 மி.லி. மருந்தை 100 மி.லி. தண்ணீரில் கலந்து, பென்சில் கனமுள்ள உயிர்வேரைச் சாய்வாகச் சீவி, பையில் நுழைத்துக் கட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை. காயை இறக்கிவிட்டுக் கட்டுங்கள். அதன் பிறகு 45 நாள் காயோ இளநீரோ பறிக்கக் கூடாது.

வாசகர் கேள்விகள் சில

‘டிரைடிமார்ப் மருந்தை வேரில் கட்டலாம் என்று பழைய புத்தகத்தில் இருக்கிறதே?’

முன்பு அப்படிப் பரிந்துரை இருந்தது. 2018-ல் மத்திய அரசு அந்த மருந்தைத் தடை செய்துவிட்டது. யாராவது விற்றாலும் வாங்காதீர்கள்.

‘நோய் இதுதான் என்று எப்படி உறுதி செய்வது?’

சாறு வடிகிற அடித்தண்டின் துண்டு, அழுகிய வேர், காளான் இருந்தால் அதுவும். தனித்தனியாகப் பையில் போட்டு, வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இருப்பவர்களுக்கு வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரண்டும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை.

‘செத்த மரம் இருந்த குழியிலேயே புதுப்பிள்ளை நடலாமா?’

உடனே வேண்டாம். கட்டையையும் வேரையும் முழுக்க எடுத்து, குழியை ஒரு கோடை முழுக்க வெயிலில் ஆறப்போடுங்கள். வேறு இடத்து நல்ல மண்ணோடு தொழுவுரம், வேப்பம்புண்ணாக்கு, டிரைக்கோடெர்மா சேர்த்து நிரப்புங்கள். இடம் இருந்தால் பழைய குழியை விட்டுத் தள்ளி நடுவதே மேல்.

‘எங்கள் தோப்பில் எல்லாம் 2019-ல் நட்ட இளம்பிள்ளைகள். நோய் அறிகுறி எதுவும் இல்லை. எங்களுக்கு இது தேவையா?’

உங்களுக்குத்தான் அதிகம் தேவை. இந்த நோய் பெரும்பாலும் 10 முதல் 30 வயது மரங்களைப் பிடிக்கிறது. 2019-ல் நட்ட பிள்ளைக்கு 2029-ல் பத்து வயது. அதன் வேர் நாலாபக்கமும் ஓடி, மண்ணுக்குள் கிடக்கும் பழைய கட்டையைத் தொடுவதற்கு முன்னால் அந்தக் கட்டையை வெளியே எடுத்துவிடுங்கள். இந்தக் கோடையில் கடலை அறுப்பு முடிந்து கை ஓய்ந்திருக்கும்போது, கடப்பாரையோடு தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி, எத்தனை கட்டை இருக்கிறது என்று முதலில் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கிளப்பிவிடலாம்.